ஈயம் வார்த்த சாடி

என் மனைவிக்கு அந்த வருடம் புளிப்பு இல்லாமல் ஒரு பிடி சோறு இறங்கவில்லை. வயிற்றில் பிள்ளை. கலியாணம் முடித்து ஏழு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. அதற்கு முன் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. அதனால் இந்த முறை அவள் எது கேட்டாலும் வீட்டில் மறுபேச்சில்லை. அவளும் பாவம், ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். சோற்றின் ஓரத்தில் ஒரு துண்டு தேசிக்காய் ஊறுகாய், மூன்று வேளையும். சாடிக்குள் அகப்பையை விட்டு அதை எடுத்துவைத்தவன் நான்தான்.

எங்கள் வீட்டுக்கு வந்தது கண்ணூறு என்று அயலில் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் மறுத்துக் கதைப்பதில்லை. கண்ணூறு என்றால் பழி வேறு யார் தலையிலாவது போய்விடும். உண்மையில் வந்தது என் கைவேலை.

பருத்தித்துறையில் கடற்கரையோரமாக போட் எஞ்சின் திருத்துவது என் தொழில். அப்பா கடலுக்குப் போனவர், அண்ணை இன்றும் போகிறார். எனக்குக் கரையில் கட்டிக்கிடக்கும் போட்டில் ஏறினாலே குமட்டும். கடல்காரர் வீட்டில் இப்படி ஒருவன் பிறந்தால் அவனை என்ன செய்வது? எஞ்சின் வேலைக்கு விட்டார்கள். வேலை பிடிபட்டதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. தண்ணீர்ப் பம்பி, தையல் மெஷின், கோயில் மணி அடிக்கும் மோட்டார் என்று எது வந்தாலும் சரிவராது என்று நான் திருப்பி அனுப்பியதில்லை. மற்றவர்கள் கைவிட்டதை நான் ஓட வைத்தேன் என்று நாலுபேருக்குச் சொல்வதில் ஒரு ருசி இருந்தது.

மனைவி கலியாணமாகி வந்தபோது மூன்று சாடிகளோடு வந்தாள். அவளுடைய ஆட்கள் ஒரு காலத்தில் கப்பலோட்டியவர்கள். எவர், எந்தத் துறைமுகத்தில் அவற்றை வாங்கினார் என்று அவளுக்கே தெரியாது. மேற்பாதி தேன்நிறம், கீழ்ப்பாதி பால்நிறம். மண்பானை மாதிரி இல்லை. தட்டினால் கல்லில் தட்டியதுபோலச் சத்தம் வரும். எண்ணெய் கசியாது, உப்புப் பூக்காது, பத்து வருடம் ஊறுகாய் கிடந்த சாடியைக் கழுவிக் கவிழ்த்தால் மறுநாள் மணம்கூட இருக்காது. பெரியதில் கட்டி உப்பு, நடுவில் பழப்புளி, சின்னதில் ஊறுகாய். சின்னது என்றாலும் ஒரு கைப்பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்கவேண்டும்.

ஊறுகாய்ச் சாடிக்கு அவள் வைத்திருந்த சட்டதிட்டம் நாட்டுக்குக்கூட இருந்ததில்லை. குளித்துவிட்டுத்தான் திறக்கலாம். ஈரக்கை படக்கூடாது. வாயை வெள்ளைச் சீலையால் கட்டி அதற்குமேல் மூடி வைக்கவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், எந்த உலோகமும் உள்ளே போகக்கூடாது. சிரட்டை அகப்பை மட்டும்தான். கலியாணமான புதிதில் ஒருநாள் பசி அவசரத்தில் கரண்டியை விட்டுவிட்டேன்.

"புளி இரும்பைத் தின்னும் எண்டு தெரியாதோ உங்களுக்கு? எஞ்சின் திருத்திற ஆளாம்!" என்று அவள் கரண்டியைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே எறிந்தாள்.

நான் சிரித்தேன். எத்தனையோ நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கலியாணமாகி நாலாம் வருடம், மாரிகாலம். என் கடைக் கூரை ஒழுகியது. திருத்த வந்த எஞ்சின் ஒன்றின் அடிப்பாகத்தைக் குசினிக்குள் கொண்டுவந்து சுவரோடு சாய்த்துவைத்தேன். வேண்டாம் என்றாள். ஒரு இரவுதானே என்றேன். காலையில் அது சரிந்து கிடந்தது. ஊறுகாய்ச் சாடியின் அடியில் ஒரு வெடிப்பு, அதன் நடுவில் விரல்நுனி போகுமளவுக்கு ஒரு ஓட்டை. தரையெல்லாம் மஞ்சளாக ஊறுகாய்த் தண்ணீர் ஓடியிருந்தது.

அவள் நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். கண்ணாடிப் போத்தல் வாங்கித் தருகிறேன் என்றேன். வெளிச்சம் பட்டால் கறுத்துப்போகும் என்றாள். பிளாஸ்டிக் வாளி என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. கடலடியில் கிடந்து வந்த எஞ்சினையெல்லாம் ஓடவைக்கிறவனுக்கு ஒரு சாடி பெரிய வேலையா?

எங்கள் கரையில் ஈயத்துக்குப் பஞ்சமில்லை. வலை அடியில் தாழ்வதற்கு ஈயக்குண்டு கோப்பது வழக்கம். பழைய வலைகளிலிருந்து கழற்றிய குண்டுகளை உருக்கித் திரும்ப வார்ப்பதும் வீட்டு முற்றத்தில்தான். அண்ணை வீட்டிலிருந்து ஒரு பை குண்டு எடுத்துவந்தேன். இரண்டு நாள் கழித்து வெயில் எறித்தது. சாடியை வெயிலில் வைத்துச் சூடேற்றி, வெளிப்பக்கத்தில் களிமண்ணை அப்பி, பழைய தாச்சியில் இருபது குண்டு உருக்கி உள்ளே ஊற்றினேன். ஓட்டைக்குள் இறங்கி, அடி முழுக்கப் பரவி, அரை விரல் தடிப்பில் ஒரு தரையாக இறுகியது. ஓரத்தை மரக்கட்டையால் தட்டித் தட்டி இடைவெளி இல்லாமல் செய்தேன். தண்ணீர் நிரப்பி ஒரு பகல் வைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அடியில் ஈயம் கண்ணாடிபோல மினுங்கியது.

"உதிலை ஊறுகாய் படாதோ?"

"படட்டுமன். உது இரும்பு மாதிரிக் கறள் பிடிக்கிற சாமான் இல்லை."

"உலோகந்தானே?"

"சின்னனிலை இருந்து தூண்டிலுக்கு ஈயத்தைப் பல்லாலை கடிச்சுத்தான் இறுக்கினனாங்கள். உன்ரை கொப்பரும் அப்பிடித்தான். எங்களுக்கு என்ன வந்தது?"

அவளும் அதே கரையில் பிறந்தவள்தான். அப்பா தூண்டில் நூலை வாயில் வைத்துக் கடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். அதற்குமேல் கேட்கவில்லை. அவள் கேட்டாளே, சரியான கேள்வியைத்தானே கேட்டாள் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு என் வாயிலேயே அடிக்கத் தோன்றுகிறது.

வைகாசியில் சோளகக் காற்று தொடங்கியதும் அவள் ஊறுகாய் போட்டாள். தேசிக்காயை நாலாகப் பிளந்து உப்பு அடைத்து, சாடியில் ஊறவைத்து, பாயில் பரப்பிக் காயவைத்து, மிளகாய்த்தூளோடு திரும்பச் சாடிக்குள் போட்டு, மூடுமட்டும் வினாகிரி ஊற்றினாள். அந்த முறை ஊறுகாய்க்கு ஒரு தனிச் சுவை வந்தது. புளிப்புக்குப் பின்னால் மெல்லிய ஒரு இனிப்பு. அண்ணை வந்து சாப்பிட்டவர் விரலை நக்கிக்கொண்டே, "சீனி போட்டனியே பிள்ளை?" என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். நல்ல காய் என்று அவள் நினைத்தாள். என் சாடி என்று நான் நினைத்தேன்.

அடுத்த வருடம் முதற்பிள்ளை தங்கியது, கலைந்தது. டொக்டர்மார் இப்படிப் பலபேருக்கு நடக்கும் என்றார்கள். அதற்கடுத்த வருடமும் அதே சாடியில் ஊறுகாய் போட்டாள். பிறகு திரும்பவும் தங்கியது. இந்த முறை அவள் சைக்கிள் மிதிக்கவில்லை, வாளி தூக்கவில்லை, கோயிலுக்குக்கூட ஓட்டோவில் போனாள். மூன்றாம் மாதம் கழிந்தது. நாலாம் மாதமும் கழிந்தது. நாங்கள் இருவரும் நாட்களை எண்ணிக்கொண்டே, எண்ணவில்லை என்று நடித்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. வயிற்றை முறுக்கிக்கொண்டு ஒரு நோ வரும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், போய்விடும். மலச்சிக்கல். வாயில் செப்புக்காசை வைத்ததுபோல ஒரு சுவை என்றாள். அதைப் போக்க இன்னும் ஒரு துண்டு ஊறுகாய் கேட்டாள். கொடுத்தேன். அயலவருக்குச் சட்டை தைக்கிறவள், கத்திரிக்கோலைப் பிடிக்கக் கை வலுவில்லை என்று தையலை நிறுத்தினாள். தேத்தண்ணீர்ப் பேணி இரண்டுமுறை கையிலிருந்து விழுந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் வழக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஒருநாள் பல் விளக்கும்போது அவள் பல்லைச் சுற்றியுள்ள முரசுச் சதையின் ஓரத்தில் நீலம் பாய்ந்த ஒரு கறுப்புக் கோடு கண்டேன். "நாவல்பழம் களவாய்த் திண்டனியே?" என்று பகிடி பண்ணினேன். அவள் கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "போகுதில்லை," என்றாள். நான் கடைக்குப் போய்விட்டேன்.

எங்கள் பகுதி மருத்துவமாது ஸ்கூட்டரில் வீடுவீடாக வருகிறவர், ஐம்பது வயதை நெருங்கியவர், ஒரு சொல்லுக்கு இரண்டு சொல் பேசமாட்டார். அவருக்கு ஏதோ பிடிக்கவில்லை. இரத்தம் குறைவு என்று இரும்புக் குளிசை கொடுத்திருந்தார்; மாதம் இரண்டு போயும் இரத்தம் ஏறவில்லை. "குளிசையை ஒழுங்காய்ப் போடுறியளோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அவள் வெறும் குளிசை அட்டையை எடுத்துக் காட்டுவாள். அவர் மனைவியின் கண்மடலைக் கீழே இழுத்து நெடுநேரம் பார்ப்பார். புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டு போவார். அவர் போனபின் வீட்டில் ஏதோ ஒன்று அசைந்துவிட்டதுபோல எனக்கு இருக்கும்.

ஆறாம் மாதத்தில் சாடியில் ஊறுகாய் முடிந்தது. அவளுக்குக் குனிய முடியாது. "இஞ்சாருங்கோ, இந்தச் சாடியை ஒருக்கால் கழுவித் தாங்கோவன். நெல்லியடிச் சந்தையிலை நல்ல தேசிக்காய் வந்திருக்காம்," என்றாள். கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். கையை உள்ளே விட்டுத் துடைத்தேன்.

நான் ஊற்றிய ஈயம் வழுவழுப்பாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது. சாடியை வெயிலுக்குச் சரித்துப் பார்த்தேன். மேலே வெள்ளையாக ஒரு பொருக்கு. ஓரத்தில் நான் தட்டித் தட்டி அடைத்த இடத்தில் நகம் போகுமளவுக்கு இடைவெளி. நடுவில் அம்மை வடுபோலக் குழிகள். உப்புத் தின்ற உலோகத்தைத் திருத்திப் பிழைக்கிறவன் நான். எஞ்சினைத் திறந்தவுடன், கடல் எத்தனை மாதமாக அதைத் தின்றிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தச் சாடியைப் பார்த்தவுடன் எனக்கு எல்லாம் தெரிந்திருக்கவேண்டும்.

ஒரு கணம் தெரிந்தது. இந்த ஈயம் எங்கே போனது என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வேகத்திலேயே அதை அமுக்கிவிட்டேன். எனக்குத் தோன்றிய அடுத்த எண்ணம், பழுதானதன்மேல் இன்னும் ஒரு தரை ஊற்றவேண்டும் என்பது. முற்றத்தில் மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டித் தாச்சியில் குண்டுகளைப் போட்டேன். மனைவி வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று அவள் பக்கம்தான் அடித்தது.

அந்த நேரத்தில் மருத்துவமாதின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"என்ன உருக்கிறியள்?"

"ஈயம் மிஸ். சாடிக்கு அடி போடுறன். முந்திப் போட்டதும் நான்தான், மூண்டு வருசம் நிண்டுது." அந்தச் சொற்களை எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்!

அவர் சாடிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் இருந்தவளைப் பார்த்தார்.

"இதுக்குள்ளை என்ன வைக்கிறனீங்கள்?"

"ஊறுகாய் மிஸ்," என்றாள் மனைவி. "இதை விட்டால் எனக்குச் சோறு இறங்குதில்லை."

மருத்துவமாது ஓடிப்போய் அவளைக் கையில் பிடித்து எழுப்பி வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். திரும்பிவந்து, நெருப்பை அணைக்கச் சொன்னார். நான் தண்ணீர் எடுக்கப் போனபோது, "ஈயத்திலை தண்ணி ஊத்தாதேங்கோ, வெடிச்சுப் பறக்கும்," என்றார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியும், ஆனால் அப்போது கையும் காலும் எனக்குச் சொந்தமாக இல்லை. விறகை இழுத்துப்போட்டேன். அவர் மனைவியின் உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தார். சாடியில் ஈயம் இருக்கிறது என்று மட்டும் ஒரு கடிதம் எழுதித் தந்து, நாளைக்கே யாழ்ப்பாணம் போகவேண்டும் என்றார்.  அவர் போகும்போது தலைக்கவசத்தைப் போட மறந்து, சந்திவரை போய்த்தான் நின்று போட்டார்.

அன்று பின்னேரம் அண்ணை வீட்டுக்கு ஓடினேன். அங்கே ஒரு போத்தல் ஊறுகாய் கொடுத்திருந்தோம், பாதி மிச்சமிருந்தது. "பழுதாய்ப்போச்சண்ணை, தாங்கோ," என்று வாங்கிவந்தேன். ஏன் பழுது என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும். பிறகு அவருடைய பிள்ளைகளையும் இரத்தம் பார்க்கவேண்டும் என்று டொக்டர் கேட்டபோதுதான் அண்ணைக்கே விஷயம் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அண்ணை அதற்குப்பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதற்கும் ஒரு கணம் யோசிக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் எங்களைப் பார்த்த டொக்டர் சின்ன வயதுப் பெண். கடிதத்தைப் படித்துவிட்டு மெதுவாகத்தான் கதைத்தார். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பவேண்டும், முடிவு வரச் சுணங்கும் என்றார். பிறகு அவர் சொன்னதை நான் இன்றுவரை சொல்லுக்குச் சொல் மனதில் வைத்திருக்கிறேன்.

"சாப்பிடுறதை நிப்பாட்டினால் மட்டும் முடியாது. உடம்புக்குள்ளை போன ஈயம் எலும்பிலை போய் இருக்கும். வயித்திலை வளருற பிள்ளை தன்ரை எலும்புக்கு அம்மாவின்ரை எலும்பிலை இருந்துதான் சுண்ணாம்பை எடுக்கும். அதோடை இதுவும் வரும்."

"முந்திக் கலைஞ்ச பிள்ளை?" என்று மனைவி கேட்டாள்.

"அதைச் சொல்லேலாது அம்மா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்." டொக்டர் பேனையை எடுத்தார். "சாடிக்கு உந்த வேலை செய்தது ஆர்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குமுன் மனைவி சொன்னாள், "நான் கலியாணமாகி வரேக்கையே அப்பிடித்தான் இருந்தது டொக்டர். எங்கடை வீட்டிலை ஆரோ ஒட்டினது."

டொக்டர் எழுதிக்கொண்டார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் வேறு யாராவது ஈயம் உருக்குகிறார்களா என்றும் கேட்டார். இல்லை என்று தலையாட்டியது நான்.

பருத்தித்துறை பஸ்ஸில் யன்னலோரம் அவள், பக்கத்தில் நான். நெல்லியடி தாண்டும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் கேட்டேன். அவள் திரும்பவில்லை.

"பிள்ளை பிறக்கட்டும். அதுக்குப் பிறகு உங்களோடை கதைக்கிறன்."

அவள் என்னோடு கோபித்துக்கொண்டு ஊமையாக இருந்தாள் என்று நினைக்கவேண்டாம். மீன் என்ன விலை, கடைக்கு யார் வந்தது, மழை வருமா என்றெல்லாம் கதைத்தாள். சோறு போட்டாள். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேச்சில்லை. அவள் ஏசியிருந்தால் எனக்கு நிம்மதி. சட்டியைத் தூக்கி என் தலையில் போட்டிருந்தாலும் சந்தோசப்பட்டிருப்பேன்.

ஒரு நாள் நான் சாடியைச் சாக்கில் சுற்றி உடைத்தேன். ஈயம் ஒரு தட்டைப்போலக் கழன்று வந்தது. பொருக்கைச் சுரண்டிவிட்டுக் கடைத் தராசில் வைத்தேன். மறு தட்டில் இருபது குண்டு. தராசு குண்டுகளின் பக்கம் சாய்ந்தது. ஒரு குண்டை எடுத்தேன்; அப்போதுதான் ஏறத்தாழ நேரானது. குறைந்த அந்த ஒரு குண்டு ஈயத்தில், கழுவி ஊற்றியதில் போனது பாதிக்குமேல் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிச்சம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் எதைப் புதைத்தாலும் சுண்ணாம்புக்கல் வழியே யாருடைய கிணற்றுக்காவது போய்ச் சேரும். அதனால் அந்த ஈயத்தை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் போட்டு மூடி கடைத் தட்டில் வைத்திருக்கிறேன். எறிய ஒரு இடம் கிடைக்கவில்லை.

கொழும்பிலிருந்து முடிவு வந்தது. இரத்தத்தில் ஈயம் இருக்கக்கூடியதைவிடக் கூட என்றார் டொக்டர். எவ்வளவு கூட என்று மனைவி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கல்சியம், இரும்பு, பால், மாதம் ஒருமுறை இரத்தம். வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருக்கவேண்டும். பகலில் அவள் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அசைவு இருக்கிறதா என்று பார்ப்பாள். அசைந்தால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பிறகு அந்த வெளிச்சமும் யோசனையில் அணைந்துவிடும். எலும்பிலிருந்து இறங்குகிறது, இறங்குகிறது என்று நான் வேலை செய்யும்போதெல்லாம் மனதுக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது.

பெண்பிள்ளை. மூன்று கிழமை முன்னதாகவே பிறந்தாள், நிறை குறைவு, அழுகை மட்டும் பலமாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றேன். மனைவி பிள்ளையின் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்காமலே, "பிள்ளை நடக்கட்டும்," என்றாள். எனக்குப் புரிந்தது.

பிள்ளை பிந்தித்தான் தலை நிமிர்த்தினாள், பிந்தித்தான் எழும்பி இருந்தாள். ஒன்றரை வயதை நெருங்கியபோது ஒரு பின்னேரம் சுவரை விட்டு நாலடி நடந்து என் காலைப் பிடித்தாள். குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி கண்ணைத் துடைத்தாள்.

"பிள்ளை கதைக்கட்டும்," என்றாள்.

அதுதான் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று சோதித்துச் சொன்னார்கள். சிரிப்பாள், கையைத் தட்டுவாள், காகத்தைக் காட்டினால் பார்ப்பாள். ஒரு சொல் இல்லை. அயலில் அவளைவிட இளைய பிள்ளைகள் எல்லாம் கொஞ்சிக் கொஞ்சிக் கதைத்தன. அவை கதைக்கும்போது மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். "பொறுத்துப் பாப்பம்," என்றார் டொக்டர். "சில பாதிப்பு பள்ளிக்கூடம் போற வயசிலைதான் தெரியவரும்." ஆக, ஒரு சொல் வந்தாலும் முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எங்கள் வீடு முழுக்க அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக்கிடந்தது. காலையில் பிள்ளை கண் விழித்ததும் மனைவி முதலில் பார்ப்பது அவளுடைய வாயைத்தான்.

இரண்டு வயது முடிய ஒரு மாதம் இருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை, பிள்ளை கடை வாசலில் பிளாஸ்டிக் புனலை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் எஞ்சின் ஒன்றின் மூடியைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா."

நிமிர்ந்து பார்த்தேன். புனலை நீட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். "அப்பா," என்றாள் திரும்பவும், தெளிவாக, நெடுநாள் சொல்லிப் பழகியவள்போல.

கையைக் கழுவிவிட்டு அவளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதேன். மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். குசினி வாசலில் என் கால் நின்றது. அவள் மா அரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "என்ன?" என்றாள்.

இப்போது சொன்னால் அவள் கதைப்பாள். இரண்டு வருடத்துக்கு மேலாகச் சேர்த்துவைத்ததை இப்போதே என் முகத்துக்கு நேரே சொல்வாள். பிள்ளையைக் கொண்டு தாய்வீட்டுக்குப் போகிறேன் என்பாள். முதற்பிள்ளையைப் பற்றிச் சொல்வாள். 

"தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பிள்ளையைக் காலையிலேயே கடைக்குத் தூக்கிப்போய்விட்டேன். அங்கே அவள் ஓயாமல் அப்பா அப்பா என்றாள். வீட்டுக்குள் வந்து அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பிஸ்கட்டையோ வாழைப்பழத்தையோ கையில் கொடுத்தேன். மூன்று நாள் இப்படிச் செய்தேன். சொல் வரவேண்டுமென்று கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தவன், வந்த சொல்லைப் பிஸ்கட்டால் அடைத்துக்கொண்டிருந்தேன். மனைவி அந்த மூன்று நாளும் காலையில் பிள்ளையின் வாயைப் பார்த்தாள். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை மனைவி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் முகம் கழுவினேன். பிள்ளை பின்னாலே வந்து என் சாரத்தைப் பிடித்திழுத்து, "அப்பா," என்றாள்.

தோய்த்த உடுப்பு அவள் கையிலிருந்து விழுந்தது. ஓடிவந்து பிள்ளையின் முன்னால் முழங்காலில் இருந்தாள். "என்னடா? என்ன சொன்னனி? இன்னொருக்கால் சொல்லு!" அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். பிள்ளை சொன்னாள். திரும்பவும் சொன்னாள். ஐந்தாறு தரம் சொன்னாள், ஒரு தடங்கலும் இல்லை.

மனைவியின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது இண்டைக்குத் துவங்கினதில்லை."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"எப்பயிருந்து சொல்லுறாள்?"

"செவ்வாய்க்கிழமை."

அவள் எழுந்தாள். ஈரக்கையைச் சட்டையில் துடைத்தாள். குரல் உயரவில்லை.

"நான் உங்களோடை என்ன கதைக்கப்போறன் எண்டு நினைச்சனீங்கள்? உங்களிலை எனக்குக் கோவமில்லை எண்டுதான் சொல்ல இருந்தனான். தெரியாமல் செய்தது எண்டு. பிள்ளையின்ரை வாயிலை ஒரு சொல் வாறவரைக்கும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அவ்வளவுதான்." பிள்ளையைத் தன் பக்கம் இழுத்தாள். "இதைத் தெரிஞ்சுகொண்டு செய்திருக்கிறியள்."

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்று அவள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சத்தம் குசினிக்குள்ளிருந்து கேட்டது. நான் கிணற்றடியில் நின்றேன். விழுந்து கிடந்த உடுப்பை எடுத்து அலசிக் கொடியில் போட்டேன். சாப்பிட வரச்சொல்லி அவள் அன்றைக்குக் கூப்பிடவில்லை.